12 இடத்திலிருந்து பூஜ்யத்துக்கு: பார்க்கிங்–டாகனம் கவுன்சில் தேர்தல், 2006 முதல் 2010 வரை

2010 மே 7, வெள்ளிக்கிழமை. கிழக்கு லண்டனின் ஓரத்தில் இருக்கும் பார்க்கிங்–டாகனம் (Barking and Dagenham) பரோவில், அதாவது லண்டனின் உள்ளாட்சிப் பிரிவுகளில் ஒன்றில், கவுன்சில் தேர்தல் வாக்குகளை எண்ணி முடித்தார்கள். மொத்தம் 51 இடங்கள், 51உம் லேபர் கட்சிக்கு. நான்கு வருடங்களுக்கு முன்னால் அதே கவுன்சிலில் 12 இடங்களைப் பிடித்து இரண்டாவது பெரிய கட்சியாக உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் தேசியக் கட்சி, அதாவது பி.என்.பி., ஓர் இடம்கூட மிச்சமில்லாமல் வெளியேறியது. அந்தக் கட்சி யாரென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வெள்ளையர் அல்லாதவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்பதைத் தன் சட்டதிட்டத்திலேயே எழுதி வைத்திருந்த கட்சி. நீதிமன்றம் வரை போன பிறகுதான் 2010இன் தொடக்கத்தில் அந்த விதியை மாற்றினார்கள்.

இந்தக் கதையைப் பலரும் 'மக்கள் இனவெறியை நிராகரித்தார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எண்களை எடுத்து வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பி.என்.பி.க்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலானோர் மனம் மாறியதாகத் தெரியவில்லை. 2006இல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் 2010இல் எழுந்து வந்தார்கள். அவர்களை எழுப்ப யார் என்ன செய்தார்கள், அதற்கு முன்னால் அவர்கள் ஏன் வீட்டிலேயே இருந்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

ஊர்

டாகனம் என்றால் இரண்டு விஷயங்கள்: ஃபோர்டும் பெகன்ட்ரீயும். முதல் உலகப் போர் முடிந்து வந்த வீரர்களுக்கும் லண்டனின் கிழக்குச் சேரிகளில் நெருக்கியடித்துக் கிடந்த குடும்பங்களுக்கும் நல்ல வீடு கட்டித் தர வேண்டும் என்று லண்டன் கவுன்ட்டி கவுன்சில் 1921இல் வயல்வெளியில் வேலையை ஆரம்பித்தது. 1935க்குள் சுமார் 26,000 வீடுகள், ஒரு லட்சம் பேருக்கு மேல் குடியிருப்பு. அதுதான் பெகன்ட்ரீ, உலகத்திலேயே பெரிய பொது வீட்டுக் குடியிருப்பு என்று அப்போது பேசப்பட்டது. தண்ணீர்க் குழாய், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, முன்னால் சின்னதாக ஒரு தோட்டம். சேரியிலிருந்து வந்த குடும்பத்துக்கு அது வேறு உலகம். குடிவந்தவர்களுக்குக் கவுன்சில் ஒரு விதிப் புத்தகமும் கொடுத்தது. ஜன்னல் கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், தோட்டத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். வாசல் வேலிச் செடியை ஒழுங்காக வெட்டிவிடுவது அந்தத் தெருக்களில் ஒரு கௌரவம், நல்ல தோட்டத்துக்குப் பரிசுகூட உண்டு. அந்த வேலிச் செடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

1931இல் தேம்ஸ் கரையில் ஃபோர்டு தொழிற்சாலை திறந்தது. 1953 வாக்கில் 40,000 பேர் வரை அங்கே வேலை பார்த்தார்கள். 1968இல் கார் இருக்கை உறை தைத்த 187 பெண்கள், ஆண்களுக்கு இணையான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்ததும் இங்கேதான். இரண்டு வருடம் கழித்து வந்த சம ஊதியச் சட்டத்துக்கு அது ஒரு முக்கியமான உந்துதல். அப்பா ஃபோர்டில், மகன் ஃபோர்டில், வீடு கவுன்சிலுடையது, ஓட்டு லேபருக்கு. இந்த மூன்றும் ஒரே முடிச்சு.

முடிச்சு இரண்டு பக்கமும் அவிழ்ந்தது. 1980இல் வந்த வீட்டுவசதிச் சட்டம், குடியிருக்கும் கவுன்சில் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. பெகன்ட்ரீயில் ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். வாங்கிய குடும்பத்துக்கு அது லாபம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விற்ற வீட்டுக்கு ஈடாகப் புது வீடு கட்டப்படவில்லை. அடுத்த தலைமுறை வளர்ந்து தனக்கும் ஒரு கவுன்சில் வீடு வேண்டும் என்று போய் நின்றபோது வீடு இல்லை, காத்திருப்போர் பட்டியல்தான் இருந்தது. விற்ற வீடுகளில் பல கைமாறி, வாடகைக்கு விடுவதற்காகவே வாங்குபவர்களிடம் போய்ச் சேர்ந்தன. அப்புறம் 2002 பிப்ரவரியில் டாகனத்தில் கடைசிக் கார் வெளியே வந்தது. இன்ஜின் தயாரிப்பு தொடர்ந்தாலும், ஊருக்கே சோறு போட்ட கார் தயாரிப்பு நின்றது.

இதே காலத்தில்தான் ஊரின் முகமும் மாறியது. லண்டனிலேயே வீட்டு விலை குறைவான இடங்களில் இதுவும் ஒன்று. நகரத்தின் உள்பகுதிகளில் விலை கட்டுப்படியாகாமல் போனவர்கள், அவர்களில் நைஜீரியா, கானா, தெற்காசியா என்று பல வேர்களைக் கொண்டவர்கள், இங்கே வந்தார்கள். 2001 கணக்கெடுப்பில் வெள்ளை பிரிட்டிஷ்காரர்கள் சுமார் 81 சதவீதம், 2011இல் 49.5 சதவீதம். பத்தே வருடத்தில் இவ்வளவு மாற்றம். ஒரு பக்கம் வீடு கிடைக்கவில்லை, இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டில் புது முகம். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் காலையில் வாசலில் நின்று பார்ப்பவருக்குக் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவதுதான். கைமாறி வாடகைக்குப் போன வீட்டை வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், வேலிச் செடியை யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். உரிமையாளர் எங்கோ இருப்பார், குடியிருப்பவருக்கோ அடுத்த வருடம் இதே வீட்டில் இருப்போமா என்றே தெரியாது, அவர் எதற்காகச் செடி வெட்டப் போகிறார். எதிர்வீட்டில் ஐம்பது வருடமாக இருக்கும் முதியவர் அந்தச் செடியைப் பார்த்து 'இவர்கள் வந்துதான் தெரு கெட்டது' என்று நினைக்கும் இடத்தில், அரசியல் ஆரம்பிக்கிறது.

50,000 பவுண்டு பொய்

பி.என்.பி. அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. 2004 செப்டம்பரில் கோர்ஸ்புரூக் வார்டு இடைத்தேர்தலில் அவர்களுடைய வேட்பாளர் பாதிக்கு மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார். 1993இல் மில்வாலில் ஜெயித்த டெரெக் பீக்கனுக்குப் பிறகு லண்டனில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த முதல் கவுன்சிலர் அவர்தான். அடுத்த வருடமே ராஜினாமா செய்துவிட்டார், அந்த இடத்தை லேபர் திரும்ப எடுத்தது. ஆனால் எச்சரிக்கை மணி அப்போதே அடித்தாகிவிட்டது.

அவர்களுடைய துண்டறிக்கைகளில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'எஸ்ஸெக்ஸுக்கு ஆப்பிரிக்கர்கள்' என்ற பெயரில் ஒரு ரகசியத் திட்டம் இருப்பதாகவும், ஆப்பிரிக்கக் குடும்பங்கள் பார்க்கிங்–டாகனத்தில் வீடு வாங்கிக் குடிவர ஆளுக்கு 50,000 பவுண்டு வரை மானியம் தரப்படுவதாகவும் அதில் அச்சடித்து வீடு வீடாகப் போட்டார்கள். அப்படி ஒரு திட்டம் கிடையாது. முழுப் பொய். ஆனாலும் அது எடுபட்டது. ஏன் எடுபட்டது என்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. வீட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவருக்கு, ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. விற்ற வீட்டுக்கு ஈடு கட்டவில்லை என்ற உண்மையை ஆட்சியில் இருந்த கட்சி வாய் திறந்து சொல்லவில்லை, ஏனென்றால் அந்தப் பழியில் அதற்கும் பங்கு உண்டு. 1997 முதல் நாட்டை ஆண்டதும் லேபர், பரோவை ஆண்டதும் லேபர். காரணம் சொல்ல வேண்டியவர்கள் சும்மா இருந்தால் அந்த வெற்றிடத்தில் பொய் சௌகரியமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 50,000 என்று ஒரு தொகையையும் சேர்த்துவிட்டால் அதற்கு ஆதாரம் போலவே ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

2005 பொதுத் தேர்தலிலேயே இதன் அளவு தெரிந்தது. பார்க்கிங் தொகுதியில் பி.என்.பி.யின் ரிச்சர்ட் பார்ன்புரூக் 4,916 வாக்கு, 16.9 சதவீதம். நாட்டில் வேறு எந்தத் தொகுதியிலும் அந்தக் கட்சிக்கு இவ்வளவு பங்கு கிடைக்கவில்லை. இரண்டாம் இடத்தில் இருந்த கன்சர்வேட்டிவ் வேட்பாளரைவிட வெறும் 27 வாக்குதான் குறைவு. ஜெயித்தவர் லேபரின் மார்கரெட் ஹாட்ஜ், அமைச்சராகவும் இருந்தவர், 13,826 வாக்கு. தொகுதியில் வாக்களித்தவர்கள் பாதிப் பேர்தான்.

பிறகு 2006 ஏப்ரல். கவுன்சில் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஹாட்ஜ் ஒரு பத்திரிகையிடம், தன் தொகுதியின் வெள்ளை உழைக்கும் குடும்பங்களில் பத்தில் எட்டு குடும்பம் பி.என்.பி.க்கு ஓட்டுப் போடலாமா என்று யோசிக்கிறது என்று சொன்னார். ஊரே அதிர்ந்தது. அந்தக் கட்சிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் யாராலும் கொடுத்திருக்க முடியாது என்று சொந்தக் கட்சிக்காரர்களே கோபப்பட்டார்கள், ஜி.எம்.பி. தொழிற்சங்கம் அவர் பதவி விலக வேண்டும் என்றது. என் கருத்தைக் கேட்டால், அவர் கண்ட நோய் உண்மை, சொன்ன நேரம் தப்பு. தயங்கிக்கொண்டிருந்தவருக்கு 'உன் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்' என்று ஓர் அமைச்சரே சொன்னது போல ஆகிவிட்டது. வெட்கம்தான் பலரைத் தடுத்துவைத்திருந்தது, அது கொஞ்சம் தளர்ந்தது.

மே 4 அன்று தேர்தல். பி.என்.பி. 51 இடங்களில் 13க்கு மட்டும்தான் ஆள் நிறுத்தியிருந்தது. 12 பேர் ஜெயித்தார்கள். லேபருக்கு 38, கன்சர்வேட்டிவுக்கு 1. இன்னும் பதினைந்து இருபது வேட்பாளர்களை நிறுத்த அவர்களிடம் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அந்த வருடம் முழுக்க அந்த ஊரில் சுற்றிக்கொண்டே இருந்தது. கவுன்சிலைப் பிடிக்க 26 போதும்.

மூன்று பெருக்கல் குறி

இந்த இடத்தில் ஓட்டு முறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது, முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. லண்டன் பரோக்களில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். பார்க்கிங்–டாகனத்தில் அப்போது 17 வார்டு, வார்டுக்கு மூன்று கவுன்சிலர். வாக்காளர் கையில் ஒரு நீளமான சீட்டு, குடும்பப் பெயரின் அகரவரிசையில் வேட்பாளர்கள். மூன்று பேர் வரை பெயருக்கு எதிரே பென்சிலால் பெருக்கல் குறி போடலாம், ஒன்று மட்டும் போட்டாலும் செல்லும். அதிக வாக்கு வாங்கிய மூன்று பேர் உள்ளே. விகிதாசாரம் எதுவும் கிடையாது.

எண்ணுவதும் பார்க்க வேண்டிய விஷயம். மூன்று குறியும் ஒரே கட்சிக்குப் போட்ட சீட்டுகளைத் தனியே பிரித்துக் கட்டுக் கட்டாக எண்ணிவிடுவார்கள், அது சுலபம். ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று கலந்து போட்டவைதான் வேலை வாங்கும். அவற்றைப் பெரிய தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக, குறிகள் மட்டும் ஓரத்தில் தெரிகிற மாதிரி ஒட்டி, வேட்பாளர் வாரியாகப் படித்து எண்ணுவார்கள். மேசைக்கு எதிர்ப்பக்கம் கட்சி ஏஜென்ட்டுகள் குனிந்து நின்று தங்கள் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். லேபருக்கு இரண்டு, பி.என்.பி.க்கு ஒன்று என்று குறி போட்ட சீட்டு ஒன்று கண்ணில் பட்டால் அதைவிடப் பெரிய தகவல் ஒரு கட்சிக்கு வேறு எதுவும் இல்லை. 'எனக்கு உங்கள் மேல் கோபம், ஆனால் உங்களை முழுசாக விட்டுவிடவில்லை' என்று ஒரு வாக்காளர் எழுதிக் கொடுத்த கடிதம் அது.

இந்த முறையில் ஒரு சின்னக் கணக்கு, எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. ஒரு வார்டில் 7,000 வாக்காளர்கள். 2,500 பேர் மட்டும் வந்தார்கள். அவர்களில் 1,100 பேர் கோபத்தோடு ஒரு கட்சிக்கு, 1,000 பேர் பழக்கத்தில் இன்னொரு கட்சிக்கு, மீதி சிதறல். கோபக் கட்சி நிறுத்திய ஆட்கள் அத்தனை பேரும் உள்ளே. நான்கு வருடம் கழித்து 4,200 பேர் வருகிறார்கள். கோபக் கட்சிக்கு இப்போது 1,250, அதாவது 150 கூடுதல். ஆனால் மற்றக் கட்சிக்கு 2,200. கோபக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. வாக்கு ஏறியிருக்கிறது, இடம் பூஜ்யம். 2006இல் இந்த முறை அவர்களை அவர்கள் அளவுக்கு மேல் பெரிதாகக் காட்டியது, 2010இல் அதே முறை அவர்களைத் துடைத்தெடுத்தது.

நடுவில் நான்கு வருடம்

12 பேரும் கவுன்சிலில் என்ன செய்தார்கள்? அதிகாரம் எதுவும் இல்லை. ஆளும் கட்சியின் தலைவரும் அவருடைய அமைச்சரவையும் தீர்மானிக்கும் முறை அது, 38 பேர் ஒரு பக்கம் இருக்கும்போது 12 பேரால் பட்ஜெட்டில் ஒரு பவுண்டைக்கூட நகர்த்த முடியாது. குப்பை, முதியோர் பராமரிப்பு, பள்ளிக்கூட இடம், வீட்டுப் பழுதுபார்ப்பு என்று கவுன்சில் வேலை முழுக்கச் சலிப்பூட்டும் பொறுமை வேலை. கோபத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்ய முடியாது.

பார்ன்புரூக் 2008இல் லண்டன் நகரம் முழுவதற்குமான மன்றமான லண்டன் அசெம்பிளிக்கும் போனார், கட்சிக்கு நகரம் முழுக்க 5.3 சதவீதம், ஓர் இடம் கிடைக்கத் தேவையான 5 சதவீத எல்லையைத் தாண்டியது அவ்வளவுதான். அதே காலத்தில் அவர் இணையத்தில் ஒரு வீடியோ போட்டார், பரோவில் கொலைகள் நடந்திருப்பதாக. அப்படிக் கொலைகளே நடக்கவில்லை. விசாரணைக்குப் பிறகு 2009இல் கவுன்சிலிலிருந்து ஒரு மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டார். தன் ஊரில் நடக்காத கொலையைச் சொல்லித் தன் ஊர்க்காரர்களையே பயமுறுத்திய கவுன்சிலர் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இந்தப் பக்கம் ஹாட்ஜ் தன் வேலை முறையை மாற்றிக்கொண்டார். தெருத் தெருவாகக் கடிதம் போட்டு, பக்கத்தில் ஒரு ஹாலில் டீயும் பிஸ்கெட்டும் வைத்து, வந்தவர்களோடு சின்னச் சின்ன மேசைகளில் உட்கார்ந்து என்ன பிரச்சினை என்று கேட்பது. தேசிய அரசியல் பேசுவதில்லை. குப்பை எடுக்க வரவில்லை, பஸ் நிறுத்தம் மாற்றப்பட்டது, பக்கத்து வாடகை வீட்டில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டதை எழுதிக்கொண்டு போய், செய்ய முடிந்ததைச் செய்துவிட்டு, என்ன ஆனது என்று திரும்பவும் கடிதம் எழுதுவது. இதைக் கேட்டால் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் பல வருடமாக யாரும் கதவைத் தட்டாத ஊரில் இதுதான் பெரிய விஷயமாகப் போனது. பாதுகாப்பான தொகுதி என்றால் கட்சி அங்கே தூங்கிவிடும், கிளைகளில் ஆள் இல்லாமல் போய்விடும், தேர்தல் வந்தால் மட்டும் ஒரு நோட்டீஸ். பார்க்கிங்கில் அதுதான் நடந்திருந்தது.

ஹாட்ஜ் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 2007இல், வீடு ஒதுக்கும்போது புதிதாக வந்தவர்களைவிட நெடுநாள் உள்ளூர்க் குடும்பங்களின் உரிமையுணர்வுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று எழுதினார். அது பி.என்.பி.யின் மொழி என்று சொந்தக் கட்சி அமைச்சரே கண்டித்தார். வீடு போதவில்லை என்ற பிரச்சினையை யார் முதலில் என்ற பிரச்சினையாக மாற்றினால், அந்த ஆட்டத்தில் எப்போதும் அதிகமாகக் கூவுபவன்தான் ஜெயிப்பான். பக்கத்துத் தொகுதி எம்.பி. ஜான் க்ரட்டஸ், வீடு கட்டவில்லை, கூலி இறங்கிவிட்டது, அதைச் சரிசெய்யாமல் எதுவும் சரியாகாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய வாதம்தான் வேர்வரை போகிறது என்று தோன்றுகிறது, ஆனால் தெருவில் இறங்கி அதிகமாகக் கேட்டவர் ஹாட்ஜ். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2010

2009 ஜூனில் பி.என்.பி. தலைவர் நிக் கிரிஃபின் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார், அக்டோபரில் பி.பி.சி.யின் விவாத நிகழ்ச்சியில் உட்கார்ந்தார். அடுத்த பொதுத் தேர்தலில் பார்க்கிங்கில் தானே நிற்பதாக அறிவித்தார். கட்சியின் திட்டம் தெளிவாக இருந்தது: தலைவரை வைத்து ஊரைச் சூடேற்றி, கவுன்சிலையும் பிடித்துவிடுவது. பொதுத் தேர்தலும் கவுன்சில் தேர்தலும் ஒரே நாள், மே 6.

அந்த ஒரே நாள்தான் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. லண்டனில் கவுன்சில் தேர்தலுக்கு மட்டும் என்றால் பத்தில் நான்கு பேர் வந்தாலே பெரிது. பொதுத் தேர்தலோடு சேர்ந்தால் ஆறு பேர் வருவார்கள். அந்தக் கூடுதல் இரண்டு பேரில் பி.என்.பி.க்காரர்கள் குறைவு, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்கள்.

ஆனால் தேதி மட்டுமே காரணம் என்று சொன்னால் உழைத்தவர்களுக்கு அநியாயம். இனவெறிக்கு எதிராகப் பிரச்சாரம் செய்யும் 'ஹோப் நாட் ஹேட்' அமைப்பு பார்க்கிங்கில் முகாம் போட்டு, ஒரே சனிக்கிழமையில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களை இறக்கியது. தொழிற்சங்கங்கள் வந்தன, தேவாலயங்கள் வந்தன. எல்லா வீட்டுக்கும் ஒரே நோட்டீஸ் என்ற பழைய முறையை விட்டுவிட்டு, ஓய்வூதியக்காரருக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒன்று என்று பிரித்து எழுதினார்கள். இனவெறி தப்பு என்று பாடம் நடத்துவதைவிட, இந்த 12 பேர் உங்கள் தெருவுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பது அதிகம் வேலை செய்தது.

இங்கே நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. பிரிட்டனில் சட்டப்படி குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலேயே, கவுன்சில் தேர்தலிலும் பொதுத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். நைஜீரியர், கானாக்காரர், இந்தியர், இலங்கையர் எல்லோருக்கும் இது பொருந்தும். படிக்க வந்தவர், வேலை விசாவில் வந்தவர், யாராக இருந்தாலும் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துப் பரோவான நியூஹாமில் ஈஸ்ட்ஹாம் வீதிகளில் கடை வைத்திருக்கும், பார்க்கிங் பக்கம் வீடு வாங்கிப் போன தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த உரிமை அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. விசாவில் இருப்பவருக்கு ஓட்டா என்று சந்தேகப்பட்டுப் பதியாமலேயே இருந்துவிடுபவர்கள் ஏராளம். தனக்கு எதிராக நோட்டீஸ் அடிக்கும் ஒருவனைத் தோற்கடிக்கும் உரிமை கையில் இருந்தும் அது தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய இழப்பு. வாக்காளர் பதிவு வேலை அதனால்தான் அந்தத் தேர்தலின் பாதி வேலையாக இருந்தது.

வாக்குப்பதிவுக்கு முதல் நாள் பி.என்.பி.யின் கவுன்சிலர் பாப் பெய்லி தெருவில் ஆசிய இளைஞர்களோடு கைகலப்பில் இறங்கியது டிவியில் ஓடியது. கட்சியின் இணையதளத்தை அதை நடத்தியவரே தலைமையோடு சண்டை போட்டு முடக்கிவிட்டார். உள்ளுக்குள் ஏற்கெனவே இடிந்துகொண்டிருந்த கட்சி அது.

முடிவு. பார்க்கிங் தொகுதியில் ஹாட்ஜ் 24,628, அதாவது 54.3 சதவீதம். கன்சர்வேட்டிவின் சைமன் மார்கஸ் 8,073. கிரிஃபின் 6,620, மூன்றாம் இடம், 14.6 சதவீதம். ஹாட்ஜ் மேடையிலேயே அவர்களைப் பார்த்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள், இந்த ஊருக்கு நீங்கள் வேண்டாம் என்ற பொருளில் பேசினார். மறுநாள் கவுன்சில் எண்ணிக்கையில் 12 இடங்களும் போயின.

இப்போது அந்த எண்களை 2005 பக்கத்தில் வையுங்கள். தொகுதி எல்லை நடுவில் மாறியது, அதனால் அப்படியே கழித்துப் பார்ப்பது முழுக்கச் சரியாகாது, ஆனாலும் திசை தெரியும். பி.என்.பி. 4,916இலிருந்து 6,620. லேபர் 13,826இலிருந்து 24,628. ஒரு பக்கம் ஆயிரத்து எழுநூறு ஏறியது, மறுபக்கம் பத்தாயிரத்துக்கு மேல் ஏறியது. நாடு முழுவதும் இதே கதைதான்: 2005இல் பி.என்.பி.க்கு சுமார் 1.9 லட்சம் வாக்கு, 2010இல் சுமார் 5.6 லட்சம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எம்.பி. ஒருவர்கூட இல்லை, அன்று தேர்தலுக்கு வந்த அவர்களுடைய 28 கவுன்சில் இடங்களில் 26 போயிற்று. வாக்கு ஏறிய தேர்தலிலேயே ஒரு கட்சி முடிந்துபோனது. கிரிஃபின் 2014இல் ஐரோப்பிய இடத்தையும் இழந்தார், அதே வருடம் சொந்தக் கட்சியே அவரை வெளியேற்றியது.

51க்கு 51

வெற்றி பெற்றவர்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2010க்குப் பிறகு 2014, 2018, 2022 மூன்று தேர்தலிலும் 51 இடங்களும் லேபருக்கே. எதிர்க்கட்சி இருக்கையில் ஒருவர்கூட இல்லாத கவுன்சில் அறையை நினைத்துப் பாருங்கள். பட்ஜெட்டைக் கேள்வி கேட்க வேண்டிய குழுவிலும் அதே கட்சி, பதில் சொல்பவரும் அதே கட்சி. லேபருக்கு ஓட்டுப் போடாத பரோ மக்களுக்கு, அவர்கள் எந்தக் கட்சிக்குப் போட்டிருந்தாலும், அந்த மூன்று தேர்தலிலும் பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை. 2006க்கு முன்னால் லேபரைத் தூங்கவைத்ததும் இதே வகை வசதிதான்.

2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்ற வாக்கெடுப்பு வந்தது. லண்டனின் 32 பரோக்களில் ஐந்துதான் விலக வேண்டும் என்றன. பார்க்கிங்–டாகனம் அதில் ஒன்று, 62.4 சதவீதம். லேபர் கட்சி தங்கியிருக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தது, 51 கவுன்சிலரும் அந்தக் கட்சிதான், ஆனாலும் ஊர் வேறு பக்கம் போட்டது. விலகச் சொன்னவர்கள் எல்லோரும் பி.என்.பி. ஆட்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது அபத்தம், அதில் புதிதாக வந்த குடும்பங்களும் இருந்தன. ஆனால் வார்டு வார்டாக மூன்று குறி போடும் தேர்தலில் காணாமல் போன ஏதோ ஒன்று, ஒவ்வொரு வாக்கும் ஒரே எடையாக எண்ணப்பட்ட தேர்தலில் வெளியே வந்தது. 2024 பொதுத் தேர்தலில் டாகனம்–ரெய்னம் தொகுதியில் லேபர் ஜெயித்தது, இரண்டாம் இடத்துக்கு வந்தது குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லும் வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் யுகே. வித்தியாசம் 7,173.

பெகன்ட்ரீக்கு 2021இல் நூறு வயது ஆனது. இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் ஒரே மாதிரிக் கட்டிய வீடுகளில் சில வேலிகள் கத்தரித்து நேராக இருக்கும், சில வீடுகளில் வேலியையே எடுத்துவிட்டுக் கார் நிறுத்த சிமென்ட் போட்டிருப்பார்கள், சிலவற்றில் செடி தோளுயரத்துக்கு வளர்ந்திருக்கும். அந்த வீட்டில் குடியிருப்பவர் வாடகை கொடுத்துக்கொண்டு, கவுன்சில் வீட்டுக்குப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவராகவும் இருக்கலாம்.